ஊறவைப்பதா, காய்ச்சுவதா, அல்ட்ராசோனிக் கருவி வாங்குவதா?

ஆவாரம்பூ டீ, கவுனி அரிசிக் கஞ்சி மிக்ஸ், நன்னாரி சர்பத், நெல்லிச் சாறு என்று வீட்டிலிருந்தே தொழில் செய்பவர்கள் காரைக்குடி, தேவகோட்டை, புதுவயல் பக்கம் இப்போது நிறைய. அவர்களில் பலர் கேட்பது ஒரே கேள்விதான். “அல்ட்ராசோனிக் மிஷின் வைத்தால் வெறும் தண்ணீரிலேயே சத்தையெல்லாம் இறக்கிவிடலாமாமே, கொதிக்க வைக்கவே வேண்டாமாமே, வாங்கிவிடலாமா?”

என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலானவர்களுக்கு வேண்டாம். காதுக்குக் கேட்காத ஒலியதிர்வால் (மீயொலி) சாறு இறக்கும் இந்தக் கருவி பொய் என்பதால் அல்ல, அது உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் அது மிச்சப்படுத்துவது சாறு இறங்கும் நேரத்தை மட்டும்தான். நம் ஊர்ச் சிறு தயாரிப்பாளர்களுக்கு நேரமும் காசும் கரைவது பெரும்பாலும் அங்கே இல்லை. வடிகட்டுவதிலும், சாற்றைச் சுண்டவைப்பதிலும், கெடாமல் காப்பதிலும்தான். அந்த மூன்றையும் கணக்கில் சேர்த்த பிறகும் கருவி ஜெயிக்கிற சரக்குகள் சில உண்டு.

## எதை வைத்து முடிவு செய்வது

முதல் கேள்வி, நீங்கள் இறக்க நினைக்கும் பொருள் தண்ணீரில் கரையுமா? நெல்லியின் வைட்டமின் சி, கவுனியின் கறுஞ்சிவப்பு நிறம், ஆவாரம்பூவின் துவர்ப்பு, கொழகொழப்புத் தரும் மாவுப்பொருள்கள் எல்லாம் கரையும். மஞ்சளின் குர்குமின் ஏறக்குறையக் கரையவே கரையாது. மிளகின் காரத்துக்குக் காரணமான பைப்பரின் லிட்டருக்கு 40 மில்லிகிராம் அளவில்தான் கரையும். கரையாததை எந்த அதிர்வும் கரைத்துவிடாது.

இரண்டாவது, அது சூடு தாங்குமா? மூன்றாவது, சரக்கு மெல்லிய பூவா, கெட்டியான வேரும் பட்டையுமா? பூவிதழுக்குள் தண்ணீர் நுழைய யாரும் உதவ வேண்டியதில்லை. வேருக்கு உதவி தேவை.

நான்காவதைத்தான் பலர் யோசிப்பதில்லை. எந்த உருவில் விற்கிறீர்கள்? அன்றே குடித்து முடிக்கும் பானமா, பாட்டிலில் அடைத்த சர்பத்தா, தண்ணீர் நீக்கிய பொடியா? இதை முடிவு செய்யாமல் கருவி விலை விசாரிப்பது வீண். ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் என்பது கடைசி.

## ஊறவைத்தல்

செலவே இல்லாத முறை. இடித்த சரக்கு, தண்ணீர், மூடிய பாத்திரம், ஒரு இரவு. கவுனி அரிசியை முதல் நாள் இரவே ஊறப்போட்டு, நிறம் இறங்கிய தண்ணீரைக் கொட்டாமல் அதிலேயே வேகவைக்கும் வீட்டு வழக்கம் ஒரு நல்ல சாறு இறக்கும் முறைதான். சூடு படாததால் நிறமும் மணமும் பெரும்பாலும் தங்கும்.

குறை, நேரம். அதைவிடப் பெரிய குறை நம் வெயில். சித்திரையில் பன்னிரண்டு மணி நேரம் அறை வெப்பத்தில் ஊறும் எதுவும் புளிக்கத் தொடங்கும். குளிர்பெட்டியில் வைத்து ஊறவைத்தால் இது தீரும், ஆனால் சாறு இறங்கும் வேகம் இன்னும் குறையும், பெட்டியில் இடமும் போகும்.

இன்னொன்று பாத்திரம். ஆச்சி காலத்துப் பித்தளை அண்டாவும் செப்புக் குடமும் பார்க்க அழகுதான். ஆனால் தாமிரம் பட்டால் வைட்டமின் சி வேகமாகச் சிதையும், ஆகவே நெல்லிக்கு அது ஆகாது. இரும்புச் சட்டியில் துவர்ப்புச் சரக்கு ஊறினால் சாறு மை போலக் கறுக்கும். பழம்பொருள் கடைகளில் கிடைக்கும் பழைய எனாமல் பாத்திரங்களின் வண்ணப் பூச்சில் ஈயமும் காட்மியமும் இருக்கலாம், புளிப்பான சாற்றை அதில் வைக்கவே வேண்டாம். எவர்சில்வர் அல்லது கண்ணாடி போதும்.

## காய்ச்சுதல்

நாட்டு மருந்துக் கடைக்காரர் சொல்லும் “நாலு பங்கு தண்ணீர் வைத்து ஒரு பங்காகச் சுண்டவை” என்பதுதான் இது. சூடு செல்சுவரை இளக்குகிறது, கரைதிறனைக் கூட்டுகிறது, கிருமியைக் குறைக்கிறது. அதே நேரத்தில் தண்ணீரும் ஆவியாகிச் சாறு கெட்டியாகிறது. ஒரே அடுப்பில் இத்தனை வேலை நடப்பதால்தான் இந்த முறை இவ்வளவு காலம் நிலைத்திருக்கிறது.

செலவைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோகச் சுமார் 0.8 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் போதும். ஆனால் அதைக் கால் பங்காகச் சுண்டவைக்க, அதாவது 7.5 லிட்டரை ஆவியாக்க, இன்னும் 4.7 யூனிட் வேண்டும். சாதாரண கேஸ் அடுப்பில் மொத்தம் ஏறக்குறைய முக்கால் கிலோ கேஸ் போகும். ஆக, சாறு இறக்குவது மலிவு, சுண்டவைப்பதுதான் செலவு. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கீழே வேலைக்கு வரும்.

குறைகள் தெரிந்தவைதான். வைட்டமின் சி குறையும், கவுனி நிறம் மங்கும், நன்னாரி மணம் ஆவியோடு போய்விடும், மாவுச்சத்துள்ள சரக்கு கூழாகும். காய்ச்சிவிட்டோமே என்று வெளியில் வைத்துவிடவும் கூடாது. சித்த மருத்துவத்தில் குடிநீரின் ஆயுளே ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம்தான்.

## மீயொலித் தொட்டி

கண்ணாடிக் கடையில் மூக்குக் கண்ணாடியையும், நகைக் கடையில் மோதிரத்தையும் போட்டுக் கழுவித் தருவார்களே, அந்தப் பெட்டிதான். அடியில் உள்ள அதிர்வான்கள் பெரும்பாலும் நொடிக்கு 40,000 முறை அதிரும். நம் காது 20,000-க்கு மேல் கேட்காது, அதனால் மீயொலி.

தண்ணீருக்குள் நடப்பது சுவாரசியமானது. ஒலி அலை தண்ணீரை இழுக்கும்போது கண்ணுக்குத் தெரியாத குமிழிகள் பிறக்கின்றன. அழுத்தும்போது அவை உள்நோக்கி நொறுங்குகின்றன. நொறுங்கும் அந்தக் கணத்தில் குமிழிக்குள் மட்டும் வெப்பம் பல ஆயிரம் டிகிரி ஏறும். அது மைக்ரோ நொடிகளில் தணிந்தும் விடும், அதனால் மொத்தத் தண்ணீர் கொதிப்பதில்லை. சரக்கின் மேல் ஒட்டியபடி நொறுங்கும் குமிழி ஊசி போல ஒரு நீர்த்தாரையைச் செல்சுவரில் பாய்ச்சுகிறது. சுவர் கிழிகிறது, தண்ணீர் உள்ளே போகிறது, கரையக்கூடியது வெளியே வருகிறது. மணிக்கணக்கில் நடப்பது 10 முதல் 30 நிமிடத்தில் முடிவது இதனால்தான்.

தொட்டியின் விலை சில ஆயிரங்களில் தொடங்கும். சரக்கை நேராகத் தொட்டியில் கொட்டாமல், கண்ணாடிக் குடுவையில் போட்டுத் தொட்டித் தண்ணீரில் நிறுத்த வேண்டும். குடுவைச் சுவரைத் தாண்டும்போதே கணிசமான சக்தி வீணாகும். தொட்டியின் எல்லா இடத்திலும் ஒரே பலமும் இருக்காது. சமையலறை அலுமினியத் தாளை ஒரு நிமிடம் செங்குத்தாக உள்ளே பிடித்துப் பாருங்கள். தாளில் பொத்தல் விழும் இடம்தான் குமிழி பலமாக நொறுங்கும் இடம், குடுவையை அங்கே நிறுத்துங்கள். தாளில் ஒரு பொத்தல்கூட விழாவிட்டால் அந்தப் பெட்டி மோதிரம் கழுவத்தான் லாயக்கு.

ஒரு தடவைக்கு அரை லிட்டர், ஒரு லிட்டர் என்பது இதன் எல்லை. புதுச் சரக்கைச் சோதித்துப் பார்க்க நல்லது. தொழிலாக நடத்தப் போதாது.

## மீயொலித் தண்டு

சோனிகேட்டர் என்று விற்பது இது. டைட்டானியத் தண்டு நேராகச் சாற்றுக்குள் இறங்கும், நொடிக்கு 20,000 அளவில் அதிரும். அதிர்வெண் குறைவு என்றால் குமிழி பெரிது, அடியும் பலம். தொட்டியில் அரை மணி எடுப்பது இதில் சில நிமிடங்களில் முடியலாம். நல்ல கருவியின் விலை லட்சத்தைத் தாண்டும்.

விற்பவர்கள் சொல்லாத செலவுகள் இங்கேதான் அதிகம்.

முதலாவது சூடு. “கொதிக்க வைக்கவே வேண்டாம்” என்பது பாதி உண்மை. 500 வாட் கருவியின் சக்தியில் பாதி சாற்றுக்குள் போனால்கூட, ஒரு லிட்டர் பத்து நிமிடத்தில் 35 டிகிரி ஏறிவிடும். 30 டிகிரியில் தொடங்கியது 65-ல் நிற்கும். சூடு படக்கூடாது என்றுதானே இதை வாங்கினோம்? ஆகவே பாத்திரத்தைச் சுற்றி ஐஸ் தண்ணீர் வேண்டும், ஐந்து நொடி ஓட்டி ஐந்து நொடி நிறுத்தும் வசதியும் வேண்டும்.

இரண்டாவது, அதிக நேரம் ஓட்டினால் அதிகச் சத்து என்று நினைப்பது. குமிழி நொறுங்கும்போது தண்ணீரே உடைந்து ஹைட்ராக்சில் தனி உறுப்புகள் (எதையும் தாக்கும் நிலையற்ற மூலக்கூறுத் துண்டுகள்) உண்டாகின்றன. எந்த ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருளை இறக்கினோமோ, அதையே இவை தாக்கும். ஒரு கட்டத்துக்குப் பிறகு நீங்கள் இறக்கவில்லை, அழிக்கிறீர்கள்.

மூன்றாவது வடிகட்டல். தண்டு சரக்கை மாவாக உடைத்துவிடும். மல்துணி பத்தாது. பல அடுக்கு வடிதாளோ, ஒரு இரவு தெளிய வைப்பதோ தேவைப்படும். அரை மணியில் முடிந்த வேலை மறுபடி ஒரு நாளாகும். கொழகொழப்பான செம்பருத்தி இலையை இதில் போட்டால் வடிகட்டுபவரின் பொறுமைக்கு நான் பொறுப்பில்லை.

அப்புறம் தண்டு நுனி அரிபடும், அதன் உலோகத் துகள் சாற்றில் கலக்கும், நுனியை அவ்வப்போது மாற்ற வேண்டும். மீயொலி காதில் கேட்காது என்றாலும், ஓடும் கருவியின் கிரீச்சொலி நன்றாகவே கேட்கும். காதடைப்பு இல்லாமல் பக்கத்தில் நிற்கக் கூடாது.

எல்லாவற்றுக்கும் மேல், முன்னே போட்ட கணக்கு. லிட்டருக்கு 20 நிமிடம் என்றால் 10 லிட்டருக்கு இந்தக் கருவி ஒன்றேமுக்கால் யூனிட்டுக்குள் முடித்துவிடும். காய்ச்சுவதன் ஐந்தரை யூனிட்டோடு வைத்துப் பார்த்தால் பிரமாதமான சேமிப்பு. ஆனால் கையில் இருப்பது 10 லிட்டர் நீர்த்த சாறு. பொடியோ கெட்டிச் சாறோ வேண்டுமென்றால் அந்த 7.5 லிட்டரை எப்படியும் ஆவியாக்கித்தான் ஆக வேண்டும். திறந்த அடுப்பில் செய்தால் சூடு படாமல் இறக்கியதன் பயன் போய்விடும். குறைந்த அழுத்தத்தில் ஆவியாக்கும் கருவி வாங்கினால் அது இன்னொரு பெரிய முதலீடு. சோனிகேட்டர் விலைப்பட்டியலில் இந்த இரண்டாவது கருவி இருக்காது.

## தண்ணீரே ஆகாத சரக்குகள்

மஞ்சள், மிளகு, சுக்கு இவற்றின் காரம், நிறம், மணத்துக்கு எரிசாராயமோ எண்ணெயோதான் வழி. எரிசாராயம் வாங்கி வைத்துக்கொள்ள நம் மாநில மதுவிலக்குச் சட்டத்தின்படி அனுமதி வேண்டும், தீ ஆபத்தும் உண்டு. வீட்டுத் தொழிலுக்கு எண்ணெயில் இறக்குவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

## ஒரே பார்வையில்

| முறை | நேரம் | சூடு | முதலீடு | மறைந்திருக்கும் செலவு | எப்போது ஏற்றது |
|---|---|---|---|---|---|
| ஊறவைத்தல் | ஒரு இரவு | இல்லை | இல்லை | கோடையில் புளிப்பது, குளிர்பெட்டி இடம் | சிறு அளவு, மணமும் நிறமும் முக்கியம் |
| காய்ச்சுதல் | 1 முதல் 3 மணி | அதிகம் | அடுப்பும் பாத்திரமும் | கேஸ், சத்திழப்பு | சூடு தாங்கும் வேர், பட்டை. கெட்டிச் சாறு |
| மீயொலித் தொட்டி | 10 முதல் 30 நிமிடம் | குறைவு | சில ஆயிரம் முதல் | சிறு கொள்ளளவு, சீரில்லாத பலம் | சோதனை, மாதிரி தயாரிப்பு |
| மீயொலித் தண்டு | 5 முதல் 20 நிமிடம் | கவனிக்காவிட்டால் ஏறும் | லட்சத்துக்கு மேல் | குளிர்விப்பு, வடிகட்டல், நுனித் தேய்மானம், ஆவியாக்கல் | சூடு தாங்காத, விலை அதிகமுள்ள சாறு |

## நம் சரக்குகளுக்கு எது

கவுனி அரிசி. மீயொலிக்குச் செட்டிநாட்டில் பொருத்தமான சரக்கு எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். நிறம் முழுக்கத் தவிட்டு அடுக்கில் இருக்கிறது. அது ஆந்தோசயனின் வகை, தண்ணீரில் நன்றாகக் கரையும், சூட்டிலும் சோடா போன்றவற்றின் காரத்தன்மையிலும் கெடும். காய்ச்சினால் மாவுச்சத்து வெந்து கூழாகிவிடும், நிறத்தைப் பிரிக்கவே முடியாது. குளிர்ந்த தண்ணீரில் மீயொலி கொடுத்தால் மாவு வேகாமல் நிறம் மட்டும் இறங்கும். கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ சிட்ரிக் அமிலமோ சேர்த்துப் புளிப்பாக்கினால் சிவப்பு நிலைக்கும். சமையல் சோடா பட்டால் நீலம் பாயும். முழு அரிசியை விடத் தவிட்டில் பலன் அதிகம். ஆனால் தீட்டிய தவிடு சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும், அரைத்த அன்றே பயன்படுத்த முடிந்தால்தான் இதில் இறங்கலாம். புதுவயல் மாதிரி அரிசி ஆலைகள் உள்ள ஊர்க்காரர்களுக்கு இது வசதி. உங்கள் பொருள் கஞ்சி மிக்ஸ் என்றால் இது எதுவும் வேண்டாம், அரிசியை அரைத்தால் தவிடும் அதிலேயே வந்துவிடுகிறது.

நன்னாரி. மணம்தான் இதன் உயிர், அது ஆவியோடு போகக்கூடியது. நடு நரம்பை எடுத்துவிட்டு இடித்து ஊறவைப்பது ஆண்டின் பெரும்பகுதிக்குப் போதும். ஆனால் சர்பத் விற்கும் பங்குனி, சித்திரை மாதங்களில்தான் ஊறல் புளிக்கும், ஆர்டரும் குவியும். சர்பத்தில் சர்க்கரையே கெட்டிப்படுத்திக் காத்துவிடுவதால் ஆவியாக்கும் செலவும் இல்லை. தினம் பல லிட்டர் போடுபவர்களுக்கு, மூடிய பாத்திரத்தில் மீயொலி கணக்குக்கு வரும்.

ஆவாரம்பூ. மெல்லிய இதழ். அடுப்பை அணைத்துவிட்டு வெந்நீரில் போட்டுப் பத்து நிமிடம் மூடி வைத்தால் வேண்டியது இறங்கிவிடும். இதற்காகக் கருவி வாங்குவது வீண். சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் கெட்டிச் சாறாகக் குடிக்கும் முன் மருத்துவரைக் கேட்க வேண்டும், சர்க்கரை தாழ்ந்துபோக வாய்ப்புண்டு.

நெல்லி. பிழிந்தாலே சாறு வருகிறது. வெயிலிலும் தாமிரத்திலும் வைக்காதீர்கள், அவ்வளவுதான்.

## வாங்கும் முன் ஒரு சோதனை

ஒரே சரக்கை ஒரே அளவில் இடித்து, 10 கிராமுக்கு 200 மில்லி தண்ணீர் வீதம் நான்கு பாத்திரம் வையுங்கள். ஒன்று ஊறல், ஒன்று கொதிப்பு, ஒன்று மீயொலி. நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்: மீயொலி ஓடிய அதே நேரம், அதே வெப்பத்தில், வெறுமனே கரண்டியால் கலக்கியது. விற்பவர் காட்டும் ஒப்பீடு பெரும்பாலும் அசையாமல் ஊறியதோடு இருக்கும். கலக்கியதோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் சுருங்கும். அதைவிட, நைசாக அரைத்தாலே பல சரக்குகளில் அதே பலன் கிடைத்துவிடும்.

ஒவ்வொன்றிலும் வடிகட்டிய 50 மில்லியை எடை தெரிந்த தட்டில் வற்றவைத்து மிச்சத்தை நிறுங்கள். கருவியில் இறக்கிய சக்கையை மறுபடி கொதிக்க வைத்துப் பாருங்கள், இன்னும் நிறம் வந்தால் கருவி முழு வேலை செய்யவில்லை. தண்ணீர் நான்கிலும் ஒன்றாக இருக்கட்டும். நல்ல தண்ணீருக்குப் பெயர்போன சம்பை ஊற்றுத் தண்ணீர் கிடைக்கும் வீட்டுக்காரரும் உப்புக் கலந்த போர் தண்ணீர்க்காரரும் ஒரே முடிவுக்கு வர மாட்டார்கள், கடின நீர் துவர்ப்புப் பொருளைப் படியவைத்துவிடும்.

சோதனைக்கே கருவி வாங்க வேண்டியதில்லை. அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் நம் காரைக்குடி. பல்கலைக்கழகமும் கல்லூரிகளும் உண்டு. வேதியியல் ஆய்வகங்களில் மீயொலித் தொட்டி சாதாரணப் பொருள். தெரிந்த பேராசிரியர் இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஆய்வகத்தில் எடுத்த மாதிரியை மட்டும் ருசி பார்க்காதீர்கள், அந்தக் குடுவையில் முன்னால் என்ன இருந்தது என்று நமக்குத் தெரியாது.

## பாட்டிலில் அடைக்கும் முன்

மீயொலி கிருமி நீக்கும் என்று நம்பி அறை வெப்பத்தில் வைக்கக் கூடாது. பி.ஹெச். (புளிப்பைக் காட்டும் அளவு, புளிப்பு குறையக் குறைய எண் ஏறும்) 4.6-க்கு மேல் உள்ள, புளிப்பில்லாத சாற்றைக் காற்றுப் புகாமல் அடைத்து வெளியில் வைப்பது உயிருக்கே ஆபத்து. புளிப்பாக்கிச் சூடுபடுத்தி அடையுங்கள், சர்க்கரைப் பாகாக்குங்கள், இல்லையேல் குளிர்பெட்டியில் வைத்து ஓரிரு நாளில் விற்றுவிடுங்கள்.

உணவாக விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு வேண்டும். “சர்க்கரை நோயைக் குணமாக்கும்” என்று ஒரு வரி போட்டுவிட்டால் அது மருந்தாகிவிடும், சித்த மருந்து உற்பத்தி உரிமம் தேவை. உரிமமே இருந்தாலும் அப்படி விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டின் மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது, நீரிழிவு அந்தப் பட்டியலில் பெயர் சொல்லியே இருக்கிறது. லேபிள் அச்சுக்குப் போகும் முன் இதைப் பார்த்துவிடுங்கள்.